பற்றும் வரவும்: காலனித்துவக் கால மலாயா, சிங்கப்பூர்த் தமிழரின் வணிகமும் பரஸ்பர உதவி அமைப்புகளும்

முன்னுரை

மலாயா, சிங்கப்பூர்த் தமிழரின் சமூக வரலாற்றை எழுதியோர், வணிகத்தையும் பொதுநலத்தையும் பெரும்பாலும் தனித்தனி இயல்களில் வைத்தே பேசியுள்ளனர். வணிகம் பற்றிய இயலில் வட்டிக்கடையும் மளிகைக்கடையும் துணிக்கடையும் இடம்பெறும். அங்கே இலாபமும் கடனும் சுரண்டலும் பேசப்படும். பொதுநலம் பற்றிய இயலில் கோயிலும் பள்ளிவாசலும் தமிழ்ப்பள்ளியும் சங்கங்களும் இடம்பெறும். அங்கே கொடையும் தொண்டும் போற்றப்படும். ஆயின் இவ்விரண்டு இயல்களிலும் வருவோர் பல வேளைகளில் ஒரே மனிதர்களே. காலையில் பேரேட்டைத் திறந்து கடனைக் குறித்தவரே மாலையில் சங்கத்தின் சந்தாப் புத்தகத்தைத் திறந்து வைத்து அமர்ந்திருந்தார்.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் வினா இதுதான்: தமிழர்தம் வணிகமும் பரஸ்பர உதவி அமைப்புகளும் ஒன்றையொன்று எவ்வாறு தாங்கி நின்றன? கடன் கொடுப்பதற்கும் உதவி செய்வதற்கும் அடிப்படையாக இருந்தது ஒரே நம்பிக்கை வட்டம் என்பதும், அவ்வட்டத்திற்குள் இருந்தவர்க்கு அது காப்பாகவும் வெளியே நின்றவர்க்கு அதுவே சுமையாகவும் அமைந்தது என்பதும் நம் கருத்தாகும். இதனை விளக்க நகரத்தார் கிட்டங்கி, ஊர்ச்சங்கம், தோட்டத்துக் கூட்டு, கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கம் ஆகிய நான்கு அமைப்புகளை நாம் ஆராய்வோம்.

1. நம்பிக்கையின் தேவை

கடல் கடந்து வந்த ஒருவருக்குப் பிழைப்பு நடத்த மூன்று தேவைகள் இருந்தன. முதலாவது, தொழில் தொடங்க முதல். இரண்டாவது, தமக்காகப் பிணை நிற்க ஓர் ஆள். மூன்றாவது, நோயிலும் சாவிலும் துணை. ஊரில் இம்மூன்றையும் உறவும் நிலமும் தந்தன. இங்கோ உறவு இல்லை. அடகு வைக்க நிலமும் இல்லை. ஐரோப்பிய வங்கிகள் ஐரோப்பிய நிறுவனங்களுக்கும் பெருவணிகர்க்கும் பணி செய்தனவேயன்றி, ஆங்கிலம் அறியாத சிறு வணிகர்க்குக் கடன் தர முன்வரவில்லை. நீதிமன்றத்தை நாடுவதற்கும் செலவும் மொழியும் தடையாயின.

இந்நிலையில் ஒருவர் வாங்கிய கடனைத் திருப்பித் தருவார் என்பதற்கு உறுதி எங்கிருந்து கிடைத்தது? அவரை அறிந்தவர் பலர் அருகில் இருந்தமையே அவ்வுறுதி. கோயிலில், பள்ளிவாசலில், ஊரார் கூடும் கடைத்திண்ணையில் ஒருவர் முகம் கொடுத்து நிற்க வேண்டும். சொல் தவறினால் கடன் மட்டுமன்றி, திருமணத்தில் பெண் கொடுப்பதும் எடுப்பதும், இழவு வீட்டில் தோள் கொடுப்பதும் தடைப்படும். எனவே கடனுக்குப் பிணையாக நின்றது சமூக வாழ்வே எனலாம். இக்கருத்தை மனத்திற்கொண்டு நோக்கினால், வணிகர் கூடிக் கோயிலும் சங்கமும் கண்டமைக்குப் பக்தியும் ஈகையும் மட்டுமன்றித் தொழில் சார்ந்த காரணமும் இருந்தமை புலப்படும்.

2. துறைமுகத்தில் தொடக்கம்

சிங்கப்பூரின் தொடக்கக்காலத் தமிழ் வணிகர்களுள் பலராலும் அறியப்பட்டவர் நாராயண பிள்ளை. 1819ஆம் ஆண்டு பினாங்கிலிருந்து ராஃபிள்ஸுடன் சிங்கப்பூருக்கு வந்த இவர், செங்கற்சூளை அமைத்தார். கட்டட ஒப்பந்தம் எடுத்தார். பின்னர்த் துணி வணிகத்தில் இறங்கினார். துணிச் சரக்கு ஆங்கிலேய வணிகரிடமிருந்து கடனாகப் பெறப்பட்டது. 1822ஆம் ஆண்டு அவருடைய கடை தீக்கிரையானபோது, அக்கடன் முழுவதும் அவர்மேல் விழுந்தது. ராஃபிள்ஸின் உதவியால் அவர் மீண்டும் தலையெடுத்தார். ஒரே இரவுத் தீயில் ஒரு வணிகர் அழிந்துபோகக்கூடிய நிலையை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. ஆளுநரின் தயவு எல்லார்க்கும் கிடைத்திருக்க இயலாது.

அவரே தலைமை ஏற்று 1827ஆம் ஆண்டு சவுத் பிரிட்ஜ் சாலையில் மரத்தாலும் அத்தாப்பினாலும் எழுப்பிய சிறு கோயில்தான் இன்றைய ஸ்ரீ மாரியம்மன் ஆலயம். புதிதாகக் கப்பலில் வந்து இறங்கியோர் வேலையும் தங்குமிடமும் கிடைக்கும்வரை அக்கோயில் வளாகத்தில் அடைக்கலம் பெற்றனர். அதே காலக்கட்டத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள், அதே சாலையில் ஜாமிஆ பள்ளிவாசலை எழுப்பினர். 1828க்கும் 1830க்கும் இடையில் தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா கட்டப்பட்டது. பினாங்கில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801ஆம் ஆண்டளவிலேயே தோன்றிவிட்டது.

இவ்வழிபாட்டிடங்கள் துறைமுகத்திற்கும் கடைத்தெருவிற்கும் அருகில் அமைந்தமை தற்செயலன்று. வேலை தேடுவோரும் ஆள் தேடுவோரும் அங்கேதான் சந்தித்தனர். ஊர்ச்செய்தியும் அங்கேதான் வந்து சேர்ந்தது. அறக்கட்டளைச் சொத்துகள் பெருகி, அவற்றின் நிர்வாகம் பற்றிய பூசல்களும் பெருகியபோது, காலனித்துவ அரசு 1905ஆம் ஆண்டில் முஸ்லிம், இந்து அறக்கட்டளைகளுக்கென ஒரு சட்டமே இயற்ற நேர்ந்தது. சமூகத்தின் நம்பிக்கையில் மட்டும் நின்ற பொதுப்பணம் அரசின் கணக்குக்குள் வரத் தொடங்கியதை இது காட்டுகிறது.

3. கிட்டங்கி: கோயிலே வங்கியானது

நாட்டுக்கோட்டை நகரத்தாரின் அமைப்பில் வணிகமும் பரஸ்பர உதவியும் பிரிக்க இயலாதவாறு பின்னிக் கிடந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலாயாக் கரைக்கு வந்த இவர்கள், பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களிலும், பின்னர் ஈயமும் இரப்பரும் வளர்த்த உள்நாட்டு நகரங்களிலும் கடை வைத்தனர். சீனச் சுரங்க முதலாளிகள், இரப்பர்ச் சிறுதோட்டக்காரர்கள், நில உடைமையாளர்கள், அரசு ஊழியர்கள் எனப் பலதரப்பட்டோர் இவர்களிடம் கடன் பெற்றனர்.

சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் இருந்த கிட்டங்கிகளை நினைவிற்கொள்வோம். நீண்ட ஒரு கூடத்தில் பல கடைகள். ஒவ்வொரு கடைக்கும் உரியது தரையோடு தரையாக ஒரு சிறு இடம், ஒரு பெட்டி, தாழ்ந்த ஒரு மேசை, ஒரு பாய் ஆகியவையே. பகலில் அது வணிக நிலையம். இரவில் அதுவே படுக்கையிடம். சமையலும் பொதுவில் நடந்தது. முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டில் இருப்பார். அவருடைய முகவர் மூன்றாண்டுத் தவணைக்கு இங்கு வந்து, கணக்கு முடித்து, அடுத்தவரிடம் ஒப்படைத்துத் திரும்புவார். பெட்டியடிப் பையனாக வந்தவன் கணக்கெழுதக் கற்று, அடுத்தாளாக உயர்ந்து, முகவராகிப் பின் சிறு முதலோடு தானே கடை வைப்பதும் உண்டு. ஆகவே கிட்டங்கி ஒரு தொழிற்பள்ளியாகவும் விளங்கியது.

அடுத்தடுத்த பெட்டிகளில் அமர்ந்திருந்தவர்கள் தொழிலில் போட்டியாளர்கள்; ஆனால் ஒருவருக்குக் கைமுதல் குறைந்தால் அடுத்த பெட்டியிலிருந்து கைமாற்றுப் பெற முடிந்தது. கடன் கேட்டு வரும் புதியவர் ஒருவரின் நாணயத்தைப் பற்றிப் பக்கத்துப் பெட்டியில் ஒரு சொல் கேட்டாலே போதும். இச்செய்திப் பரிமாற்றத்தின் மதிப்பு முதலின் மதிப்பிற்குக் குறைந்ததன்று. பர்மாவில் இரங்கூன் நகரத்தார் மாதந்தோறும் கோயிலில் கூடித் தமக்குள் வழங்கும் நடப்பு வட்டியை முடிவு செய்தமையும் இவ்வமைப்பின் இயல்பை உணர்த்தும்.

இவ்வட்டத்தின் மையத்தில் இருந்தது கோயில். சிங்கப்பூர் டேங்க் சாலைத் தண்டாயுதபாணி கோயில் 1859ஆம் ஆண்டு நகரத்தாரால் எழுப்பப்பட்டது. தொழிலில் ஒரு சிறு பங்கை மகமையாக ஒதுக்கிக் கோயிலுக்குச் செலுத்துவது நகரத்தார் மரபு. கோயிற்பணம் உண்டியலில் உறங்கிக் கிடக்கவில்லை. அது மீண்டும் நகரத்தார் கடைகளிலேயே வட்டிக்கு வைக்கப்பட்டது. முருகன் பெயரிலும் பேரேட்டில் ஒரு பற்று வரவு இருந்தது. வட்டிப்பணம் பூசைக்கும் அன்னதானத்திற்கும் விடுதிக்கும் பயன்பட்டது. முதல் தொழிலில் சுழன்றது. இவ்வாறு அறம் முதலாகவும் முதல் அறமாகவும் மாறி மாறி ஓடின. இத்தகைய ஓட்டத்தில், எது வணிகம், எது தருமம் எனக் கோடு போட்டுக் காட்டுதல் எளிதன்று.

ஆயின் இவ்வட்டம் மூடிய வட்டம். ஒன்பது நகரக்கோயில்களைச் சார்ந்த குடும்பங்களுக்குள்ளேயே மணவுறவும் பிணையும் நின்றன. வெளியார் அங்கே கடன் பெறலாம், உறுப்பினராக இயலாது. உறுப்பினர்களுக்கிடையில் வழங்கிய வட்டி வேறு. வெளியாருக்கு விதித்த வட்டி வேறு. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் இரப்பர் விலை சரிந்து, கடன்பட்டோரின் நிலங்கள் பல நகரத்தார் கைக்கு மாறியபோது, இவ்வேறுபாடு கசப்பாக வெளிப்பட்டது. மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் 1913ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டிருந்தது. 1933ஆம் ஆண்டில் அது மேலும் இறுக்கப்பட்டமைக்கு அக்காலத்து நிலக்கடன் சிக்கல்களும் ஒரு காரணமாகும். நகரத்தாருள் சிலர் தம் தொழிலை நவீன வங்கி வடிவுக்கு மாற்ற முனைந்ததும் இக்காலத்தில்தான். 1937ஆம் ஆண்டு காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய இடங்களில் தொடங்கப்பட்ட இந்தியன் ஓவர்சீஸ் வங்கி இதற்குச் சான்று.

4. ஊர்ச்சங்கம்: தெருவிலிருந்து பள்ளிக்கு

நகரத்தாருக்கு இருந்த முதல் எல்லார்க்கும் வாய்க்கவில்லை. முதல் இன்றி வந்தவர்கள் எவ்வாறு ஒரு வட்டத்தை அமைத்தனர் என்பதற்குச் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம்கள் நல்ல எடுத்துக்காட்டு. இன்றைய தென்காசி மாவட்டத்துக் கடையநல்லூர், நெசவாளர் மிகுந்த ஊர். கைத்தறித் தொழில் நலிந்தபோது அவ்வூரார் பலர் மலாயாவிற்கும் சிங்கப்பூருக்கும் புறப்பட்டனர். பெரும்பாலான தமிழ் ஆடவர் தனியராக வந்த காலத்தில், இவர்களுள் பலர் குடும்பத்தோடு வந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. தஞ்சோங் பகார் வட்டாரத்தில் ஒரே ஊரார் அடுத்தடுத்துக் குடியிருந்தனர். ஆடவர் துறைமுக வேலைக்கும் சிறு வணிகத்திற்கும் சென்றனர். பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்ப வருவாயில் பங்கேற்றனர்.

மசாலா அரைக்கும் தொழிலை வணிக வரலாறு பெரும்பாலும் கணக்கிலெடுப்பதில்லை. கடைப்பலகை இல்லை, பேரேடு இல்லை, உரிமம் இல்லை. ஆனால் அம்மியின் முன் அமர்ந்து ஈட்டிய காசு அன்றாட அடுப்பை எரித்தது. அதில் மிச்சமானது ஊருக்கும் சென்றது. கடை வைத்தவரை மட்டும் வணிகர் எனக் கொள்ளும் வரையறையை நாம் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதற்கு இது போதிய காரணமாகும்.

1941ஆம் ஆண்டு இவ்வூரார் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கைத் தோற்றுவித்தனர். போர் முடிந்தபின் 1946ஆம் ஆண்டு இச்சங்கம் உமறுப்புலவர் பெயரால் ஒரு தமிழ்ப்பள்ளியை நிறுவியது. சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயரைத் தேர்ந்தமை, சமயத்தையும் தமிழையும் ஒருசேரக் காக்கும் நோக்கைக் காட்டும். 1960ஆம் ஆண்டு அப்பள்ளி உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. 1982ஆம் ஆண்டு அது மூடப்படும்வரை அங்குப் பயின்ற மாணவர்கள் பலர். 1983ஆம் ஆண்டு தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஓர் ஊரார் தம்முள் உதவிக்கொள்ளக் கண்ட சங்கம், ஊர் எல்லையைக் கடந்து தமிழ்க்கல்விக்குத் தொண்டாற்றியதை இங்குக் காண்கிறோம். நம்பிக்கை வட்டம் என்றும் ஒரே அளவில் நிற்பதில்லை. பள்ளி போன்ற பொதுப்பணி அதனை விரியச் செய்கிறது.

இத்தகைய சங்கங்களின் வடிவத்தில் அரசின் சட்டத்திற்கும் பங்குண்டு. நீரிணைக் குடியேற்றங்களில் 1889ஆம் ஆண்டு இயற்றப்பட்டு மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த சங்கங்கள் சட்டம், சீன இரகசியக் கூட்டங்களை அடக்கவே பிறந்தது. ஆயின் அதன் விளைவு எல்லாச் சமூகத்தார்க்கும் பொதுவாயிற்று. பதிவு பெற வேண்டுமாயின் சங்கத்திற்குப் பெயரும் நோக்கமும் விதிமுறைகளும் பொறுப்பாளர் பட்டியலும் வேண்டும். ஊர்ப்பெரியவர் தலைமையில் வாய்மொழியாக நடந்தவை, தலைவர், செயலாளர், பொருளாளர், கணக்காய்வாளர் என்னும் கட்டமைப்பைப் பெற்றன. தமிழரிடையே கூட்டக் குறிப்பு எழுதும் வழக்கமும் ஆண்டறிக்கை வாசிக்கும் வழக்கமும் வேரூன்ற இச்சட்டம் ஒரு காரணமாயிற்று.

5. தோட்டம்: கடைக் கணக்கும் கூட்டும்

நகரத்தின் வட்டங்கள் எட்டாத இடம் தோட்டம். மலாயாத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் அங்கேதான் இருந்தனர். ஒப்பந்தக் கூலிமுறை 1910ஆம் ஆண்டு முடிவுக்கு வந்தபின், கங்காணி வழியே ஆள் சேர்ப்பது பெருகியது. கங்காணி தம் ஊரிலும் உறவிலும் ஆள் திரட்டினார். ஆள் வேலைக்கு வந்த நாளுக்கு இத்தனை காசு என அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. ஊர் உறவு என்னும் நம்பிக்கை இங்கே கூலி நிர்வாகத்தின் கருவியாக மாற்றப்பட்டது.

1920களின் பிற்பகுதியில், முதன்மைப் பகுதிகளில் ஆடவர்க்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்டிர்க்கு 40 காசும் நிலையான கூலியாக விதிக்கப்பட்டன. 1930இல் அது 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. கூலி மாதத்திற்கு ஒருமுறை, பசியோ நாள்தோறும். இந்த இடைவெளியில் நின்றதுதான் தோட்டக்கடை. அரிசி, பருப்பு, கருவாடு, எண்ணெய், துணி அனைத்தும் பற்றுக் கணக்கில் கிடைத்தன. சம்பள நாளில் கடைக்காரர் வந்து நின்றார். பல இடங்களில் வேறு கடை அருகில் இல்லை. கடைக்காரரோ நகரத்து மொத்த வணிகரிடம் கடனுக்குச் சரக்கெடுத்தவர். அம்மொத்த வணிகர் கிட்டங்கியில் கடன்பட்டவராக இருத்தலும் கூடும். கடன் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் வட்டி ஏறியது. கடைசிக் கண்ணியில் அது வட்டி என்னும் பெயரின்றி அரிசியின் விலையில் கலந்து வந்தது. தோட்டத்துக் கள்ளுக்கடையும் அதே கூலியில் தன் பங்கை எடுத்துக்கொண்டது.

தோட்டப்பாட்டாளி சிக்கனம் அறியாதவர் என்னும் கருத்து காலனித்துவ அதிகாரிகளின் எழுத்துகளில் பரவலாகக் காணப்படும். இக்கருத்தை ஏற்பதற்குமுன் லயங்களில் நடந்த ‘கூட்டு’ முறையை நாம் ஆராய வேண்டும். தமிழகத்துச் சீட்டு முறையின் மலாயா வடிவமே இது. மலாய்மொழி வழக்கிலும் இம்முறை ஏறத்தாழ இதே ஒலியுடைய பெயரால் வழங்குதல், அது எவ்வளவு பரவியிருந்தது என்பதைக் காட்டும்.

இதன் செயல்முறையை ஓர் எளிய கணக்கால் விளக்குவோம். 20 பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு ஒரு வெள்ளி போடுவதாகக் கொள்வோம். மாதந்தோறும் 20 வெள்ளி திரளும். நாளுக்கு 50 காசு பெறும் ஒருவர் 26 நாள் வேலை செய்தால் 13 வெள்ளி பெறுவார். ஆகவே கூட்டுப்பணம் ஒரு மாதக் கூலியைவிடப் பெரிய தொகை. அதைக் குலுக்கல் முறையில் ஒவ்வொரு மாதமும் ஒருவர் எடுப்பார். அல்லது ஏலத்தில் தள்ளுபடி கூடுதலாக ஏற்பவர் எடுப்பார். தள்ளுபடித் தொகை மற்றவர்க்குப் பங்காகும். 20 மாதத்தில் எல்லாரும் ஒருமுறை எடுத்துவிடுவர். முதல் மாதம் எடுத்தவர் 19 மாதம் தவணை கட்டும் கடனாளி. இறுதி மாதம் எடுத்தவர் 19 மாதம் சேமித்தவர். இடையில் எடுத்தவர் பாதி கடனாளி, பாதி சேமிப்பாளர். ஒரே செயல் ஒருவர்க்குப் பற்றாகவும் மற்றவர்க்கு வரவாகவும் அமைகிறது. கடன், சேமிப்பு, உதவி ஆகிய மூன்றையும் பிரித்துப் பார்க்கும் நம் வழக்கம் இங்கே செல்லாது.

இதற்குப் பிணை யாது? ஒரே லயம்; ஒரே தண்ணீர்க்குழாய்; விடியலில் ஒரே பெரட்டுக்களம். பணம் எடுத்தவர் மறுமாதம் கட்டத் தவறினால் நாள்தோறும் அம்முகங்களையே காண வேண்டும். ஆயின் அவர் இரவோடு இரவாக வேறு தோட்டத்திற்குப் போய்விட்டால் கூட்டு உடைந்துவிடும்; தலைவர் பொறுப்பேற்க வேண்டிவரும். இம்முறையின் வலிமையும் வலுவின்மையும் ஒரே இடத்தில், அதாவது அருகிருத்தலில் இருந்தன. ஏமாற்று நிகழ்ச்சிகள் பெருகியமையால் மலேசியாவில் 1971ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டு நிதியைத் தடை செய்தது. அதே ஆண்டில் சிங்கப்பூர் சீட்டு நிதிகளை ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றியது. எனினும் காலனித்துவக் காலத்துத் தோட்டப்பாட்டாளியின் சேமிப்பு ஆற்றலுக்குக் கூட்டு மறுக்க இயலாத சான்றாகும். சிக்கனம் அவரிடம் இருந்தது. அதைப் பாதுகாத்து வைக்கும் இடமே அவருக்கு இல்லாதிருந்தது.

6. கூட்டுறவு: சட்டம் பிணை நின்றது

அந்த இடத்தை அமைத்துத் தர அரசு மேற்கொண்ட முயற்சியே கூட்டுறவு இயக்கம். ஐக்கிய மலாய் மாநிலங்களில் 1922ஆம் ஆண்டு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் இயற்றப்பட்டது. கேவண்டிஷ் என்னும் அதிகாரி இத்துறையின் முதல் இயக்குநரானார். அவ்வாண்டு ஜூலை 21ஆம் நாள் அஞ்சல், தந்தி ஊழியர்களின் சிக்கன நாணயச் சங்கம் முதற்சங்கமாகப் பதிவு பெற்றது. சிங்கப்பூரில் 1925ஆம் ஆண்டு அரசு ஊழியர்களின் சிக்கன நாணயச் சங்கம் தொடங்கியது. மாதச்சம்பளக்காரர் வட்டிக்கடையில் சிக்கியிருந்தமையே இச்சங்கங்களின் பிறப்புக்கு முதன்மைக் காரணமாகும். சம்பளத்திலிருந்து சந்தா பிடிக்கப்பட்டது. அந்நிதியிலிருந்து குறைந்த வட்டியில் உறுப்பினர்க்குக் கடன் கிடைத்தது.

முந்திய அமைப்புகளோடு ஒப்பிடுகையில் இதன் புதுமை தெளிவாகும். கிட்டங்கியில் குலமும் கோயிலும், ஊர்ச்சங்கத்தில் பிறந்த ஊரும், கூட்டில் லயமும் பிணையாயின. சிக்கன நாணயச் சங்கத்திலோ வேலையும் சட்டமும் பிணையாயின. அதனால் தமிழரும் மலையாளியும் சீக்கியரும் சீனரும் மலாய்க்காரரும் ஒரே சங்கத்தின் உறுப்பினராக இயன்றது. உறவின் வட்டத்திற்கு வெளியே ஒருவரை ஒருவர் நம்பக் கற்றுக்கொடுத்த பள்ளி என இச்சங்கங்களை நாம் மதிக்கலாம்.

தோட்டங்களிலும் தொழிலாளர் சிக்கனச் சங்கங்கள் பல பதிவாயின. ஆனால் அங்கே ஒரு வேறுபாடு உண்டு. அலுவலக ஊழியரின் சங்கத்தைப் பெரும்பாலும் ஊழியரே நடத்தினர். தோட்டச் சங்கத்தில் நிர்வாகத்தின் கையே ஓங்கியிருந்தது. கணக்கு தோட்ட அலுவலகத்தில் இருந்தது. அது பெரும்பாலும் சேமிக்கும் சங்கமாகவே நின்றது. கடன் தரும் சங்கமாக வளரவில்லை. ஆகையால் கடைக்காரரிடம் பற்று வைக்க வேண்டிய தேவை முற்றும் நீங்கவில்லை. 1930க்கும் 1932க்கும் இடையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர் தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். தோட்டத்தில் வேலை முடிந்தால் உறுப்பினர் தகுதியும் முடிந்தது. வேலையையே பிணையாகக் கொண்ட அமைப்பு, வேலை போனபோது துணை நிற்க இயலாமற்போனது இயல்பே.

7. வட்டம் விரிந்த வரலாறு

1930களில் தமிழர் சங்கங்களின் போக்கில் ஒரு மாற்றத்தைக் காண்கிறோம். 1929ஆம் ஆண்டு இறுதியில் தந்தை பெரியார் மலாயாவிற்கு வருகை தந்தார். 1932ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. கோ. சாரங்கபாணி 1935ஆம் ஆண்டு தொடங்கிய ‘தமிழ் முரசு’ இச்சிந்தனையைப் பரப்பியது. 1936ஆம் ஆண்டு மலாயா மத்திய இந்தியர் சங்கம் உருவாயிற்று. சாதியும் ஊரும் சமயமும் வரைந்த எல்லைகளைத் தாண்டித் ‘தமிழர்’, ‘தொழிலாளர்’, ‘இந்தியர்’ என்னும் பெயர்களில் பெரிய வட்டங்கள் வரையப்பட்டன. எனினும் பழைய வட்டங்கள் மறைந்துவிடவில்லை. ஒரே மனிதர் ஊர்ச்சங்கத்திலும் சீர்திருத்தச் சங்கத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் உறுப்பினராக இருக்க இயன்றது.

இவ்வரலாற்றின் விளைவை விடுதலைக்குப் பின் காண்கிறோம். ஐரோப்பியர் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வேலையும் வீடும் இழந்த காலத்தில், 1960ஆம் ஆண்டு வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் மாதம் 10 வெள்ளி வீதம் செலுத்திப் பங்கு வாங்கினர். அப்பணத்தால் தோட்டங்கள் வாங்கப்பட்டன. சட்டப்படி அது கூட்டுறவு. ஆனால் மாதந்தோறும் சிறு தொகையைப் பொதுவில் போட்டு, தனியாளால் இயலாததைக் கூடிச் சாதிக்கும் பழக்கம் தொழிலாளர்க்குப் புதிதன்று. லயத்துக் கூட்டில் பல்லாண்டு பயின்றதுதான். சிக்கனம் அறியாதவர் எனப்பட்டவர்களின் வெள்ளிகளே தோட்டங்களை வாங்கின என்பது நம் சமூக வரலாற்றில் அழுத்திக் கூறத்தக்க செய்தியாகும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று முடிவுகளை நாம் முன்வைக்கலாம். முதலாவது, வணிகத்தையும் உதவியையும் பிரித்து, ஒன்றைச் சுரண்டல் எனவும் மற்றொன்றை ஈகை எனவும் தீர்ப்பளிக்கும் முறை இக்காலக்கட்டத்தை விளக்கப் போதாது. இரண்டும் ஒரே நம்பிக்கையின் இருபக்கக் கணக்குகள். இரண்டாவது, ஒவ்வோர் அமைப்பையும் ஆராயும்போது அதன் பிணை யாது, அவ்வட்டத்திற்கு வெளியே நின்றவர் யாவர் என்னும் வினாக்களை எழுப்ப வேண்டும். வெளியே நின்றவர் செலுத்திய விலையும் வரலாற்றின் ஒரு பகுதியே. மூன்றாவது, கடைப்பலகையும் பதிவுச் சான்றிதழும் இல்லாத முயற்சிகளை, குறிப்பாகப் பெண்களின் தொழிலையும் லயத்துக் கூட்டையும், வணிக வரலாற்றுக்குள் கொணர வேண்டும்.

இம்முடிவுகளை மேலும் உறுதிப்படுத்தத் தேவையான சான்றுகள் அரசு ஆவணக் காப்பகங்களில் மட்டும் இல்லை. அங்குள்ள ஆங்கில அறிக்கைகள் கடன் கொடுத்தவரையும் கடன்பட்டவரையும் வெளியிலிருந்து பார்த்தவை. உள்ளிருந்து எழுதப்பட்டவை தமிழில் உள்ளன: கடைப் பேரேடுகள், ஐந்தொகைகள், சங்கக் கூட்டக் குறிப்புகள், கோயில் நன்கொடைப் பட்டியல்கள், சந்தா இரசீதுகள், திறப்புவிழா மலர்கள். கிட்டங்கிகள் பல இடிக்கப்பட்டுவிட்டன, தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. வீடு மாறும்போதும் கடை மூடும்போதும் இத்தாள்கள் பழைய காகிதமாக எடைக்குப் போகின்றன. ஒரு பேரேடு மறையும்போது ஒரு தெருவின் பொருளியல் வரலாறே மறைகிறது.

இங்கே தமிழாசிரியர்களின் பங்கு பெரிது. தத்தம் ஊர்க் கோயிலின் கல்வெட்டில் பொறிக்கப்பட்ட நன்கொடையாளர் பெயர்களையும் தொழில்களையும் மாணவர்களைக் கொண்டு படியெடுக்கச் செய்யலாம். வீட்டிலுள்ள முதியோரிடம் கூட்டுக் கட்டிய முறையைக் கேட்டு எழுதச் செய்யலாம். பற்று, வரவு, மகமை, ஐந்தொகை, கைமாற்று, அடுத்தாள் போன்ற சொற்கள் வழக்கிலிருந்து மறைந்துவருகின்றன. அவற்றைத் தொகுப்பது மொழிப்பாடமாகவும் வரலாற்றுப் பாடமாகவும் அமையும். பல்கலைக்கழகத் துறைகள் இவ்வாறு திரளும் தாள்களைப் படமெடுத்துப் பாதுகாக்கவும், உரியவர் இசைவோடு ஆய்வாளர்க்கு அளிக்கவும் முன்வருதல் வேண்டும். நம் முன்னோர் காசுக்குக் காசு கணக்கெழுதி வைத்தனர். அக்கணக்கைப் படித்தறியும் கடன் நம்முடையதாகும்.